ஓகேயு அட்டை கையில், சொக்சோ சந்தா எங்கே? மாறும் காப்புறுதியும் மலாக்கா தோட்டக் குடும்பங்களும்

மலாக்கா பெரிய மருத்துவமனையில் மூன்றாம் வகுப்பு வார்டுக்குப் போனால் நம்மவர்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. இனிப்பு நீரால் காலை இழந்தவர், பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவர், வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்கு வந்து போகிறவர் என்று ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் வந்து படுத்திருப்பார்கள். பெரும்பாலோர் 60 வயதை எட்டாதவர்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், குடும்பத்தைத் தாங்கியவர்கள்.

இவர்களுக்கு மருத்துவமனைக் கட்டணம் பெரிய கவலை இல்லை. அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 ரிங்கிட்தான். வெளிநோயாளிக்கு 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். கவலை தொடங்குவது வீட்டுக்கு அனுப்பும் நாளில். இனி வேலைக்குப் போக முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடுத்த மாத வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் பணம் எங்கிருந்து வரும்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, அதாவது நாம் சொக்சோ என்று அழைக்கும் பெர்கெசோ. கடந்த சில ஆண்டுகளில் இந்த அமைப்பில் வந்த மாற்றங்களைப்போல் அதற்கு முன் வந்ததில்லை. ஆனால், அந்த மாற்றங்களின் பலன் நம் தோட்டக் குடும்பங்களுக்கும் தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களுக்கும் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

எவையெல்லாம் மாறின?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மலேசியாவில் தேசிய மருத்துவக் காப்புறுதி என்று ஒன்று இல்லை. அரசாங்க மருத்துவமனைகள் வரிப்பணத்தில் நடக்கின்றன. 2025 பட்ஜெட்டில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டது 4,530 கோடி ரிங்கிட். 2012 வாக்கில் 'ஒன் கேர்' என்ற பெயரில் மக்களிடம் சந்தா வாங்கி நடத்தும் திட்டம் பற்றிப் பேச்சு எழுந்தபோது எதிர்ப்புக் கிளம்பி அது அப்படியே நின்றுபோனது. 2023 ஜூன் மாதம் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, 15 ஆண்டுகளில் முழு அமைப்பையும் சீர்திருத்துவது பற்றிப் பேசுகிறது. செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அதில் மீண்டும் வந்திருக்கிறது.

சிகிச்சைக்கு மருத்துவமனை, வருமான இழப்புக்கு சொக்சோ என்று இரண்டு தனித் தனிப் பாதைகள் இருப்பதால்தான் பலர் குழம்பிப் போகிறார்கள். சொக்சோ பக்கம் நடந்த முக்கிய மாற்றங்கள் இவை:

சந்தா கணக்கிடும் சம்பள உச்சவரம்பு 2022 செப்டம்பரில் 4,000 ரிங்கிட்டிலிருந்து 5,000 ஆனது. 2024 அக்டோபர் 1 முதல் 6,000 ரிங்கிட் ஆகிவிட்டது. வீட்டுப் பணியாளர்கள் 2021 ஜூன் முதல் சேர்க்கப்பட்டார்கள். இல்லத்தரசிகளுக்கென்று தனிச் சட்டம் வந்து 2022 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. 2017இல் வந்த சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு மட்டும் இருந்தது. 2020இல் வியாபாரிகள், விவசாயிகள் உள்ளிட்ட பல துறைகளுக்கு விரிந்தது. 2025 ஆகஸ்டில் மக்களவை கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியது. அந்நியத் தொழிலாளர்கள்கூட 2019 முதல் வேலையிட விபத்துத் திட்டத்திலும், 2024 ஜூலை முதல் இயலாமைத் திட்டத்திலும் சந்தாதாரர்கள்.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், திறந்த கதவுகளில் எது எந்த அறைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று அட்டைகள், மூன்று வேலைகள்

நம்மிடையே மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

முதலாவது ஓகேயு அட்டை. 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் சமூக நல இலாகா இதைத் தருகிறது. செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடு என்று ஏழு பிரிவுகள். அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டண விலக்கு உண்டு. குடும்ப வருமானம் பார்த்துச் சமூக நல இலாகா உதவித்தொகையும் தருகிறது. 2021 பட்ஜெட்டில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கான மாத அலவன்ஸ் 450 ரிங்கிட்டாகவும், வேலை செய்ய இயலாதவருக்கான உதவி 300 ரிங்கிட்டாகவும், படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிப்பதற்கான உதவி 500 ரிங்கிட்டாகவும் உயர்த்தப்பட்டன. இது நலன்புரி உதவி. வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது, நிலைமை மாறினால் மறுபரிசீலனைக்கு வருவது.

இரண்டாவது தனியார் மெடிக்கல் கார்ட். மாக்கோத்தா, பந்தாய் ஆயர் குரோ போன்ற தனியார் மருத்துவமனைகளின் கட்டணத்தைக் கட்ட அது உதவும். வேலை போனபின் மாதா மாதம் சோறு போட அது உதவாது.

மூன்றாவதுதான் சொக்சோவின் இயலாமைத் திட்டம். நம்மவர்கள் 'பென்சென் இலாட்' என்பது இதைத்தான். இது உதவி அல்ல, உரிமை. வேலை செய்த காலத்தில் முதலாளியும் தொழிலாளியும் கட்டிய சந்தாவுக்கான பலன். நோயோ விபத்தோ, எதனால் வந்தாலும் சரி. நிரந்தரமாகி, அதே வேலையைச் செய்யும் ஆரோக்கியமான ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவ வாரியம் சொன்னால், வாழ்நாள் முழுக்க மாத ஓய்வூதியம் கிடைக்கும்.

ஓகேயு அட்டை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நம்மில் ஏராளம். அட்டை இருப்பதால் சொக்சோ பணம் தானாக வராது. அட்டை இல்லாவிட்டாலும் சொக்சோ பணம் வரலாம். அட்டையின் ஏழு பிரிவுகளில் சிறுநீரகச் செயலிழப்பு என்ற பெயரில் ஒரு பிரிவு இல்லை. ஆனால், ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் சந்தாதாரர், தகுதி இருந்தால் பென்சென் இலாட் பெறலாம். சுத்திகரிப்புச் செலவையும் சொக்சோ ஏற்கும்.

1,700 ரிங்கிட் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு என்ன? இயலாமை ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் பாதியிலிருந்து தொடங்கி 65 விழுக்காடு வரை போகும். பாதி என்றாலே 850 ரிங்கிட். அவர் இறந்தபின் மனைவி பிள்ளைகளுக்கு அது வாரிசு ஓய்வூதியமாகத் தொடரும். மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. இதற்காக அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவது மாதம் ஏறக்குறைய 8 ரிங்கிட். முதலாளி கட்டுவது 29 ரிங்கிட் அளவில்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஓய்வூதியம் கிடைக்கச் சந்தா விதி ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முழு ஓய்வூதியத்துக்கு இரண்டு வழி. ஒன்று, விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மற்றொன்று, முதன்முதலில் சந்தா கட்டத் தொடங்கிய நாளிலிருந்து விண்ணப்பிக்கும் நாள் வரையுள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், மூன்றில் ஒரு பங்கு இருந்தால் குறைக்கப்பட்ட ஓய்வூதியம் உண்டு. பங்குக் கணக்கில் போகிறவர்களுக்குக் குறைந்தது 24 மாதச் சந்தா கட்டாயம்.

ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். 25 வயதில் செம்பனைத் தோட்டத்தில் சேர்ந்தார். 40 வயதுவரை 15 ஆண்டுகள், 180 மாதங்கள் சந்தா கட்டினார். பிறகு தோட்டத்தை விட்டு வந்து சொந்தமாகச் சிறு லோரி ஓட்டினார், புல் வெட்டினார், கிடைத்த வேலையைச் செய்தார். சந்தா நின்றுபோனது. 52 வயதில் பக்கவாதம்.

'வேலையை விட்டுப் பன்னிரண்டு வருசமாச்சு, சொக்சோவெல்லாம் இனிக் கிடைக்காது' என்று வீட்டில் சொல்வார்கள். தவறு. 25 வயதிலிருந்து 52 வயதுவரை 324 மாதங்கள். மூன்றில் இரண்டு பங்கு 216. அவரிடம் இருப்பது 180, முழு ஓய்வூதியம் இல்லை. ஆனால், மூன்றில் ஒரு பங்கு 108தான். அதை அவர் தாண்டிவிட்டார். குறைக்கப்பட்ட ஓய்வூதியத்துக்குச் சந்தாத் தகுதி அவருக்கு இருக்கிறது. விண்ணப்பிக்காமல் இருந்தால் அது யாருக்கும் தெரியாமலே போகும்.

இன்னொருவர். அவரும் 25 வயதில் தொடங்கியவர், ஆனால் 8 ஆண்டுகள்தான், 96 மாதங்கள். அவருக்கு 48 வயதில் காலை எடுக்க நேர்ந்தது. 49 வயது நிறையும்போது விண்ணப்பித்தால் 288 மாதங்கள், மூன்றில் ஒரு பங்கு சரியாக 96. தகுதி உண்டு. 'காயம் ஆறட்டும், பொங்கல் முடியட்டும், பையன் லீவில் வரட்டும்' என்று ஓராண்டு தள்ளிப்போட்டால் 300 மாதங்கள் ஆகிவிடும், 100 மாதச் சந்தா தேவைப்படும். நான்கு மாதச் சந்தா குறைகிறது. வாழ்நாள் ஓய்வூதியத்துக்குப் பதிலாக, இயலாமைத் திட்டத்தில் கட்டிய சந்தா வட்டியோடு ஒரே தொகையாகத் திரும்பி வரும். அவ்வளவுதான்.

அதாவது, வேலையில் இல்லாதவருக்குக் காலம் போகப் போகத் தகுதி கரைந்துகொண்டே போகிறது. நோய் வந்தபின் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கணக்கில் ஏறுகிறது. 60 வயது என்ற எல்லைக்கோடும் இருக்கிறது. அதைத் தாண்டியபின் விண்ணப்பித்தால், 60க்கு முன்பே இயலாமை ஏற்பட்டது என்பதையும் அதன்பின் வருமானம் தரும் வேலை செய்யவில்லை என்பதையும் நிரூபிக்க வேண்டும்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்தபோது அறுந்த கயிறு

இந்தச் சந்தா இடைவெளி ஏன் நம் சமுதாயத்தில் அதிகம்? அது வரலாற்றிலிருந்து வருகிறது.

ஒரு காலத்தில் தோட்டமே மருத்துவமனை, தோட்டமே வீடு. காலனித்துவத் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட முதலாளியே மருத்துவ வசதி தர வேண்டும் என்று வைத்திருந்தன. டிரஸர் மருந்து கலக்கிக் கொடுத்தார், பெரிய நோய் என்றால் லோரியில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அந்த வைத்தியம் போதுமானதாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், தொழிலாளியின் பெயர் ஒரு செக்ரோலில் இருந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971இல் சொக்சோ தொடங்கியபோது, அப்படிப் பெயர் பதிந்த தொழிலாளிகளுக்காகத்தான் அது வகுக்கப்பட்டது.

ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயத்தை விட்டு வந்தவர்கள் ஜாசின், டுரியான் துங்கால், ஆயர் குரோ பக்கத்துத் தாமான்களில் குறைந்த விலை வீடுகளுக்குக் குடியேறினார்கள். தொழிற்சாலைக்குப் போனவர்களுக்குச் சந்தா தொடர்ந்தது. காண்டிராக்டரிடம் போனவர்களுக்கும், தினக்கூலிக்குப் போனவர்களுக்கும், சொந்தமாக ஏதாவது செய்தவர்களுக்கும் கயிறு அங்கேயே அறுந்தது.

தோட்டத்திலேயே இருப்பவர்கள் நிலையும் மாறிவிட்டது. பழக்குலை வெட்டுவது, உரம் போடுவது, மருந்தடிப்பது எல்லாம் காண்டிராக்டர் மூலமாக நடக்கும் இடங்கள் உண்டு. டன் கணக்கில் கூலி என்றால் சொக்சோ கிடையாது என்று சிலர் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது சரியல்ல. கூலியை எப்படிக் கணக்கிட்டாலும், ஒருவரின் கீழ் வேலை செய்பவர் தொழிலாளியே. காண்டிராக்டர் மூலம் வேலைக்கு வந்தவருக்கும் சந்தா கட்டும் பொறுப்பை 1969 சட்டம் தலைமை முதலாளியின் மேல் வைக்கிறது. சந்தா கட்டாமல் இருப்பது குற்றம். 10,000 ரிங்கிட்வரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை.

1967இல் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர்வரை நடந்தே போனார்கள். அந்த நடைப்பயணத்தை மலாக்கா இன்னும் மறக்கவில்லை. இன்றைய போராட்டத்துக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. சந்தாப் பதிவை எடுத்துப் பார்க்க வேண்டும். அதைக்கூட நாம் செய்யாமல் இருக்கிறோம் என்பதுதான் வருத்தம்.

புதிய திட்டங்களில் உள்ள ஓட்டை

'அதுதான் சுயதொழில் செய்பவர்களுக்கும் இப்போது சொக்சோ வந்துவிட்டதே' என்று கேட்கலாம். வந்திருக்கிறது, நல்லதுதான். ஆண்டுக்கு 157 ரிங்கிட் 20 சென் என்ற குறைந்த திட்டத்திலிருந்து சேரலாம். அண்மைய ஆண்டுகளில் அரசாங்கமே இதில் பெரும் பகுதியை ஏற்றுக்கொண்டும் வந்திருக்கிறது. சந்தைக் கடைக்காரரும், கூட்டுத் துப்புரவு வேலை எடுப்பவரும், வேன் ஓட்டுநரும் கட்டாயம் சேர வேண்டும்.

ஆனால், அந்தச் சட்டம் தருவது வேலை சார்ந்த விபத்துக்கான பாதுகாப்பு மட்டுமே. வேன் ஓட்டும்போது விபத்து நடந்தால் பலன் உண்டு. வேன் ஓட்டுநருக்கு வீட்டில் பக்கவாதம் வந்தால், சிறுநீரகம் செயலிழந்தால், இயலாமை ஓய்வூதியம் அதில் இல்லை. கிக் தொழிலாளர் சட்டமும் தொழிலாளியை இந்தச் சுயதொழில் சட்டத்தோடுதான் இணைக்கிறது.

இது நம்மைத்தான் அதிகம் தாக்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களிடையே இனிப்பு நீர் உள்ளவர்கள் 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. நம்மவரின் உழைக்கும் சக்தியைப் பறிப்பதில் விபத்துக்குக் குறையாத பங்கு நோய்க்கு இருக்கிறது. கால் எடுப்பதும், சிறுநீரகம் போவதும், கண் மங்குவதும், பக்கவாதமும் பெரும்பாலும் அதே வீட்டிலிருந்து கிளம்புகிறவை. அந்த ஆபத்துக்குப் பாதுகாப்புத் தருவது தொழிலாளிகளுக்கான 1969 சட்டத்தின் இயலாமைத் திட்டம். சொந்தத் தொழிலுக்குப் போன நம்மவருக்கு அந்தக் கதவு அடைத்தே இருக்கிறது.

சம்பள உச்சவரம்பு 6,000 ஆனதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 5,000க்கு மேல் வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி. குறைந்தபட்சச் சம்பளத்தில் இருப்பவருக்கு அதனால் ஒரு சென்னும் மாறவில்லை. அவருக்கு உதவியது 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனதுதான். அதுவும் முதலாளி உண்மைச் சம்பளத்தைப் பதிந்து சந்தா கட்டினால்தான். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டி, ஓவர்டைமையும் அலவன்ஸையும் விட்டுவிட்டுக் கட்டினால், சந்தா குறைகிறது என்று இன்று மகிழலாம். நாளை ஓய்வூதியமும் அதே கணக்கில் குறையும்.

வீட்டுப் பெண்களின் நிலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கணவனோடு சரிசமமாக மரம் வெட்டிய பெண்கள், பட்டணம் வந்தபின் பிள்ளைகளுக்காக வேலையை விட்டார்கள். இல்லத்தரசிகள் திட்டம் ஆண்டுக்கு 120 ரிங்கிட். 55 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். வீட்டு விபத்தோடு இயலாமைக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. சுயதொழில் திட்டத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. கணவர் தன் பெயரில் மெடிக்கல் கார்ட் வைத்திருக்கும் வீடுகளில்கூட, மனைவி பெயரில் இந்த 120 ரிங்கிட் கட்டப்படுவதில்லை.

மருத்துவமனைகளின் பங்கு

இயலாமை உண்டா இல்லையா என்பதைச் சொக்சோ மருத்துவ வாரியம்தான் முடிவு செய்யும். அந்த வாரியத்தின் முன் வைக்கப்படுவது மருத்துவமனை அறிக்கை. அறிக்கை தெளிவாக இருந்தால் வேலை சுலபம். 'பக்கவாதம், சிகிச்சையில் உள்ளார்' என்று ஒரு வரி இருந்தால் வாரியம் என்ன செய்யும்? எந்தக் கை, எவ்வளவு பலவீனம், பேச்சு எப்படி, எவ்வளவு நேரம் நிற்க முடியும், முன்பு என்ன வேலை செய்தார் என்பதெல்லாம் பதிவாக வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கும் கிளினிக்கில் இதை நோயாளிதான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மலாய் சரளமாக வராத பாட்டாளிக்கு அது மலை ஏறுவது போன்றது.

நெரிசல் இன்னும் கூடக்கூடும். 2024 இறுதியில் தனியார் மருத்துவக் காப்புறுதிப் பிரீமியம் பலருக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும், 80 விழுக்காட்டினருக்காவது ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது. மலிவான அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒன்றை வகுப்பதும், இபிஎஃப் இரண்டாம் கணக்கிலிருந்து அதற்குப் பணம் எடுக்க விடுவதும் அதைத் தொடர்ந்து வந்த பேச்சு. பிரீமியம் கட்ட முடியாமல் கார்டை விட்டவர்கள் எங்கே போவார்கள்? அதே பெரிய மருத்துவமனைக்கும், ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளுக்கும்தான். ஏற்கெனவே அங்கே மட்டும் நம்பியிருக்கும் தோட்டத்து நோயாளியின் வரிசை இன்னும் நீளும்.

இன்னொரு பக்கம், மலாக்காக்காரர்களுக்கு அருகிலேயே ஒரு பெரிய வசதி இருக்கிறது. 2014இல் திறக்கப்பட்ட சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம், ஹங் துவா ஜெயாவில், நம் மாநிலத்திலேயே இருக்கிறது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் சந்தாதாரர்கள் இங்கே வந்து தங்கி, நடக்கவும் கையை அசைக்கவும் மீண்டும் வேலைக்குத் திரும்பவும் பயிற்சி பெறுகிறார்கள். 2007 முதல் நடக்கும் 'மீண்டும் வேலைக்கு' திட்டத்தின் ஒரு பகுதி இது. ஆயர் குரோவுக்குப் போகும் வழியில் பேருந்திலிருந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்தவர்கள் பலர். உள்ளே போகத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டவர்கள் சிலரே. இதற்கும் சந்தாப் பதிவுதான் சாவி.

என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. சுயதொழில் செய்பவரும் கிக் தொழிலாளியும் விரும்பினால் இயலாமைத் திட்டத்திலும் சந்தா கட்ட வழி செய்ய வேண்டும். விபத்தை மட்டும் காப்பது பாதிக் குடை. இரண்டாவது, நோய் வந்தபின் காலம் கடப்பதால் தகுதி கரையும் விதியைத் தளர்த்த வேண்டும். இயலாமை தொடங்கிய நாளை மருத்துவ அறிக்கை காட்டினால் அந்த நாள்வரை கணக்கிட்டால் போதும். மூன்றாவது, கால் அகற்றப்பட்டவரும் பக்கவாத நோயாளியும் வீட்டுக்குப் போகுமுன், மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவே சொக்சோ பதிவைப் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு எல்லா அரசாங்க மருத்துவமனைகளிலும் வேண்டும். அடையாள அட்டை எண் ஒன்று போதும். ஓகேயு பதிவும் சொக்சோ விண்ணப்பமும் ஒரே இடத்தில் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

நாம் செய்ய வேண்டியவற்றுக்கு அரசாங்கத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

சொக்சோ அலுவலகத்திலோ அதன் இணையத் தளத்திலோ சந்தாப் பதிவை எடுத்துப் பாருங்கள். வேலை செய்த ஆண்டுகளும் பதிவில் உள்ள மாதங்களும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் பழைய சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், இபிஎஃப் அறிக்கை எல்லாவற்றையும் தேடி எடுத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். நோய் வந்தபின் தேடுவதைவிட இப்போதே தேடுவது சுலபம்.

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் வேலையிட விபத்துத் திட்டத்தில் பலன் உண்டு. அதற்குக் குறைந்தபட்சச் சந்தா மாதம் என்று எதுவும் இல்லை, சேர்ந்த முதல் நாளே பாதுகாப்புத் தொடங்கும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். போலீஸ் புகாரும் மருத்துவச் சான்றிதழும் பத்திரமாக இருக்கட்டும்.

மருத்துவ வாரியம் மறுத்துவிட்டால் அதோடு முடிந்துவிடவில்லை. 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும் வீடுகளில் அந்த 90 நாள்கள் சத்தமில்லாமல் ஓடிவிடுகின்றன.

60 வயதுக்கு முன் சந்தாதாரர் இறந்துவிட்டால், எந்தக் காரணத்தால் இறந்தாலும், சந்தாத் தகுதி இருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாரிசு ஓய்வூதியம் உண்டு. கணவர் இறந்து காரியம் முடிந்தபின் சொக்சோ அலுவலகத்துக்குப் போகாத விதவைகள் இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கேட்க வேண்டும்: 'அக்கா, அண்ணன் எங்கே வேலை செஞ்சாரு? சொக்சோ கட்டினாங்களா?'

கோயில் திருவிழாவுக்கு நாம் கூடுகிறோம். தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு வருகிறோம். அந்தக் கூட்டங்களில் ஓர் அரை மணி நேரம் ஒதுக்கி, கைப்பேசி தெரிந்த இளைஞர்கள் இருவர் உட்கார்ந்து, பெரியவர்களின் சந்தாப் பதிவைப் பார்த்துக் கொடுத்தால் போதும். செலவு ஒன்றும் இல்லை. எத்தனை வீடுகளில் மறந்துபோன ஓய்வூதியம் காத்துக்கிடக்கிறது என்பது அன்று தெரியும்.

மருத்துவமனை உயிரைக் காப்பாற்றித் தருகிறது. காப்பாற்றிய உயிர் மானத்தோடு வாழ வேண்டுமானால் அந்தச் சந்தாப் பதிவு வேண்டும். மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தபின் அதைத் தேட வைக்காதீர்கள். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.